மூத்தவளுக்கு ஒரு சேலை

ஏப்ரல் 27, ஞாயிறு

அளவு ஜாக்கெட்டைத் துவைத்துக் கொடுக்க வேண்டும் என்று இந்த விருதுநகரில் ஒருத்திக்கும் தோன்றுவதில்லை. இன்று காலை ராஜாமணி அத்தை ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் தையல் மெஷின் மேலேயே கவிழ்த்தாள். எல்லாம் சொந்தக்காரப் பெண்களின் பழைய ஜாக்கெட்டுகள். இவற்றை அளவாக வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் புது ஜாக்கெட் தைக்க வேண்டுமாம். அக்குளில் எல்லாம் உப்புப் பூத்திருக்கிறது. ஒன்றில் ஹூக்குக்குப் பதிலாகத் துருப்பிடித்த ஊக்கு. இன்னொன்றில் பவுடரும் வியர்வையும் சேர்ந்து பசையாகி, விரித்தால் 'சர்ர்' என்று பிரிகிறது. இரண்டு விரலால் தூக்கி வாளியில் போட்டேன்.

"என்னடி, செத்த எலியத் தூக்குற மாதிரி தூக்குற? சொந்தபந்தத்து வேர்வதானே?" என்றாள் அத்தை.

சொந்தபந்தத்து வியர்வை என்றால் மட்டும் மல்லிகைப்பூவாக மணக்குமா? கேட்கவில்லை. அப்பா போன பிறகு அவருடைய அக்காதான் இந்த வீட்டுக்கு ஹைகோர்ட். தீர்ப்பை அத்தை சொல்வாள், அம்மா தலையாட்டுவாள். பகலெல்லாம் உரக்கடையில் பில் போட்டுவிட்டு வந்து நான் எத்தனை ஜாக்கெட் தைக்க முடியும் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. "வீட்லயே ஆள வச்சுக்கிட்டு வெளில குடுப்பாகளா?" அவ்வளவுதான்.

கல்யாணம் என் தங்கை சிந்துஜாவுக்கு. ஜூன் ஐந்தாம் தேதி. மாப்பிள்ளை பிரேம்நாத் மதுரையில் ஒரு கார் ஷோரூமில் மேனேஜர். தை மாதம் அவர் பெண் பார்க்க வந்தது என்னைத்தான். அதை ஒருதடவை எழுதிவிடுகிறேன், பிறகு எழுத வேண்டியிருக்காது. அம்மாவின் ரோஸ் கலர் பட்டை எனக்குச் சுற்றி, அத்தையின் காசுமாலையை மாட்டி, முகத்தில் மாவு அப்பி, கொலு பொம்மை மாதிரி உட்காரவைத்தார்கள். சிந்துஜா வீட்டில் போடுகிற சுடிதாரோடு காபித் தட்டை எடுத்து வந்தாள். இரண்டு நாள் கழித்து போன் வந்தது. சின்னவளைக் கொடுப்பீர்களா?

எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அன்றைக்கு வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடுதலாகத்தான் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 30, புதன்

ஜாக்கெட் ஊறிய தண்ணீர் காபி நிறத்தில் இருக்கிறது. உவ்வே.

மே 4, ஞாயிறு

இன்று எனக்காகத் தைத்தேன். சொந்தபந்தம் காத்திருக்கட்டும்.

தை மாதத்திலிருந்து நானே தைத்ததைத்தான் போடுகிறேன். அந்த ரோஸ் பட்டுக்குள் உட்கார்ந்திருந்தது நானே இல்லை. அவர்கள் வேண்டாம் என்று சொன்னது வேறு யாரோ ஒருத்தியை. அப்படியென்றால் நான் எப்படி இருப்பேன் என்று எனக்காவது தெரிய வேண்டாமா? புதுத்துணி எடுக்கவில்லை. பரணில் கிடக்கிற பழசை எல்லாம் இறக்கினேன். முதலில் அப்பாவின் லுங்கியைப் பாவாடையாக்கினேன். அது பாவாடையாகவில்லை, நான் லுங்கி கட்டியவள் ஆனேன். அடுத்து இரண்டு ஈரிழைத் துண்டைச் சேர்த்து ஒரு டாப்ஸ். குற்றாலத்தில் குளித்துவிட்டு அப்படியே பஸ் ஏறி வந்தவள் மாதிரி இருந்தது. அம்மா வாசலில் கோலம் போடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

ஆனால் ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துத் தைத்ததில் சில விஷயம் தெரிந்தது. எனக்குத் தோள் அகலம். அதை மறைக்க நினைத்தால் மூட்டை தூக்குகிறவள் மாதிரி ஆகிவிடும், அப்படியே விட்டுவிட வேண்டும். இடுப்பைப் பிடிக்கவே கூடாது, துணி தோளிலிருந்து நேராக விழ வேண்டும். சட்டைக் காலர் என் கழுத்துக்கு நன்றாக இருக்கிறது. மினுக்குகிற துணி எதுவும் ஆகாது. பாக்கெட் இல்லாத உடுப்பு உடுப்பே இல்லை. இருபத்தொன்பது வயது வரை இதில் ஒன்றுகூடத் தெரியாமல் அத்தை எடுத்துக்கொடுத்த ஜிகினா சுடிதாரைப் போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன். நினைத்தால் குமட்டுகிறது.

இன்றைக்கு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையை வெட்டினேன். செங்கல் நிறம், வெள்ளைப் புள்ளி. உடம்புப் பகுதி நைந்துவிட்டது, ஓரம் மட்டும் திடமாக இருந்தது. நைந்த இடத்தை ஒதுக்கி, கரையை முன்பக்கப் பட்டிக்கு வைத்து, அப்பா சட்டையிலிருந்து கழற்றிய பட்டனைக் கோத்தேன். முழங்காலுக்குக் கீழே இறங்குகிற நீளம். கீழே வேட்டித் துணியில் பேண்ட். கண்ணாடி முன் நின்று வெகுநேரம் பார்த்தேன். வடிவு என்ற என் பெயரை நினைத்து முதல்தடவையாக எரிச்சல் வரவில்லை.

அம்மா பார்த்துவிட்டு, "கட்டிக்கிட்டு இருந்த சேலைய இப்படிக் கண்டதுண்டமா வெட்டி வச்சிருக்கியே. சம்பந்தி வீட்டுக்காரக வந்தா உள்ள போயி வேற மாத்திக்கோ" என்றாள்.

மே 7, புதன்

மாற்றிக்கொள்ள நேரம் கொடுக்காமல் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும். சிந்துஜா ரிசப்ஷனுக்குப் போடப்போகிற துணியிலேயே மாப்பிள்ளைக்கு ஒரு ஜிப்பா வேண்டுமாம். இப்போது அதுதான் வழக்கம், பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே தானில் வெட்டிய தலையணை உறை மாதிரி நிற்க வேண்டும். அதையும் நானே தைக்க வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டாளாம்.

அம்மாவும் சம்பந்தியம்மாவும் ஹாலில் பந்தல் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். சிந்துஜா பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாள். நான் மெஷின் ரூமில் இஞ்ச் டேப்போடு மாப்பிள்ளைக்கு அளவு எடுத்தேன். அந்த ஆள் போட்டிருந்த சென்ட் பழுத்த பலாப்பழமும் கொசு மருந்தும் கலந்த மாதிரி. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கழுத்தை அளந்தேன்.

"இது நீங்களே தச்சதா?" என்றார், என் சுங்குடி டாப்ஸைப் பார்த்து.

"ஆமா."

"நம்பவே முடியல. மெட்ராஸ்ல பெரிய கடைல தொங்குனா நான் ரெண்டாயிரம் குடுத்துகூட எடுப்பேன். உங்களுக்குன்னே பொறந்த மாதிரி இருக்கு."

"கையத் தூக்குங்க. நெஞ்சு அளவு எடுக்கணும்."

கையைத் தூக்கிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு நீங்க இப்படி இருந்திருந்தீங்கன்னா கதையே வேற."

நெஞ்சு நாற்பது, கை இருபத்திநாலு என்று எழுதிக்கொண்டேன். பிறகு பார்த்தால் கை நீளம் தப்பு. அது என்னுடைய டாப்ஸின் கை நீளமாகவும் இல்லை, எங்கிருந்து வந்த எண் என்றே தெரியவில்லை.

போகும்போது சிந்துஜா வாசல்வரை போய் வழியனுப்பினாள். முகமெல்லாம் பல். நல்ல பிள்ளை, அவளுக்கு எல்லாரையும் பிடிக்கும்.

மே 8, வியாழன்

கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிறது. பாயில் போட்ட வற்றல் ஒரே மணி நேரத்தில் கல்லாகிவிட்டது என்று அம்மாவுக்கு மகிழ்ச்சி. செங்கல் நிறச் சுங்குடியையே இன்றும் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். வேறு எதுவும் காயவில்லை.

மே 11, ஞாயிறு

ஜிப்பா அளவு விஷயமாகக் கேட்க வேண்டும் என்று சிந்துஜாவிடமிருந்து என் நம்பரை மாப்பிள்ளை வாங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை ஒரு மெசேஜ்: 'இன்னைக்கு என்ன கலர்?' ஜிப்பாவைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, 'அதே கலர்தான், மெரூன்' என்று அனுப்பினேன். 'ஜிப்பா இல்ல. நீங்க.' கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை.

நான் திரும்ப அனுப்பவில்லை. நேற்று இன்னும் மூன்று வந்தது. அவருடைய அம்மாதான் சின்னவளைச் சொன்னார்களாம், இவர் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாராம், அந்த ஒன்றுதான் வாழ்க்கையில் வருத்தமாம். பெண்ணை எடுத்துக்கொண்டு, பெண்ணின் அக்காவுக்குத் தன் வருத்தத்தையும் கொசுறாகக் கொடுக்கிறார். கறிவேப்பிலைக் கட்டு மாதிரி.

இன்று நேரிலேயே வந்தார், ஜிப்பா சரியாக இருக்கிறதா என்று போட்டுப் பார்க்க. நான் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய சட்டையைப் பிரித்துத் தைத்த டாப்ஸ் போட்டிருந்தேன். "இது என்ன துணி?" என்று கேட்டுக்கொண்டே கைப்பட்டியைப் பிடித்து இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். துணியைத்தான் பார்ப்பவர் போல. விரலை எடுக்கவே இல்லை. அவர் விரலிலிருந்த பஜ்ஜி எண்ணெய் அந்த இடத்தில் வட்டமாக ஏறியது. நான் கையை உதறியபோது கத்திரிக்கோல் கீழே விழுந்தது. "என்ன சத்தம்?" என்று சிந்துஜா அடுப்படியிலிருந்து கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா, கத்திரிக்கோலு" என்று அவரே பதில் சொன்னார். என் வீட்டில், என் கத்திரிக்கோலுக்கு.

அவர் போனதும் மெசேஜ்களை எல்லாம் அழித்தேன். சாணியை மிதித்தால் உடனே காலைக் கழுவுவோம் இல்லையா, அப்படி. டாப்ஸை ஊறவைத்தேன். எண்ணெய் வட்டம் போகவில்லை. பிறகு அந்தச் சுங்குடியையும் எடுத்து ஊறவைத்தேன். அதில் அழுக்கே இல்லை.

மே 13, செவ்வாய்

அத்தை முன்பு எடுத்துக்கொடுத்த ஜிகினா சுடிதாரில் கடைக்குப் போனேன். "இப்பத்தான்டி பொம்பளப் பிள்ள மாதிரி இருக்க" என்று அம்மாவுக்குப் பரம திருப்தி. கழுத்தெல்லாம் அரிப்பு.

மே 15, வியாழன்

அத்தை புதிதாக ஒன்றை இறக்கியிருக்கிறாள். எங்கள் குடும்பத்தில் மூத்தவள் இருக்க இளையவளுக்கு முடித்தால், மாப்பிள்ளை வீட்டார் மூத்தவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்க வேண்டுமாம். சபையில் வைத்து, "உனக்குச் சம்மதமா?" என்று அவளைக் கேட்பார்களாம். அவள் "சம்மதம்" என்று சொல்லிச் சேலையை வாங்கி, உடனே உடுத்திக்கொண்டு வந்து நிற்க வேண்டுமாம்.

"எதுக்கு?" என்றேன்.

"மூத்தவ வயித்தெரிச்சல் பொல்லாதது. சின்னவ வாழுற எடத்துல அது தட்டக் கூடாதுல்ல" என்றாள், இட்லிக்குப் பொடியைக் குழைத்துக்கொண்டே. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒனக்கு அப்படி ஒண்ணும் இல்லதான். ஊரு வாயிக்குச் சொல்றேன்" என்று சேர்த்துக்கொண்டாள்.

"எனக்கு வயித்தெரிச்சல் இல்லன்னா சேல எதுக்கு அத்தை?"

"ஏன்டி, சேல கசக்குதா? ஓசில வருது, வாங்கி வச்சுக்க வேண்டியதுதானே. அதுக்கப்புறம் வெட்டு, குத்து, கவுனு தை, எவன் கேக்கப்போறான்?"

இருபத்தைந்தாம் தேதி சபையாம். என் வயிற்றெரிச்சலுக்கு விலை ஒரு சேலை. இதற்குமேல் எழுதினால் கெட்ட வார்த்தை வந்துவிடும்.

மே 18, ஞாயிறு

மத்தியானம் சிந்துஜா மெஷின் ரூமுக்கு வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வெட்டுத்துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்க வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. சின்ன வயதிலிருந்து அவள் அப்படித்தான்.

"அக்கா, அந்தச் சுங்குடில நீ ஒண்ணு தச்சேல்ல. அதே மாதிரி எனக்கு ஒண்ணு தச்சுக் குடேன். அதே காலரு, அதே கை, அதே கலரு."

"ஒனக்கு அது நல்லா இருக்காதுடி. ஒனக்குச் சின்னத் தோளு. காலர் வச்சா கழுத்தே தெரியாது. உனக்கு வேற யோசிக்கணும்."

"வேற வேணாம். அதே மாதிரிதான் வேணும். அவர் கேட்டாரு."

ஊசி நின்றுவிட்டது. நான்தான் காலை எடுத்திருக்கிறேன்.

"என்ன கேட்டாரு?"

"உங்கக்கா மாதிரி நீ ஏன் டிரஸ் பண்ண மாட்டேங்குறன்னு. கல்யாணத்துக்கு அப்புறம் அந்த மாதிரிதான் போடணுமாம். முடியக்கூட உன்ன மாதிரி தூக்கிக் கட்டச் சொன்னாரு." வெட்கத்தோடு சிரித்தாள். "பாரு, உன் ஸ்டைலு எங்க வரைக்கும் போயிருக்கு."

அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. என் தங்கைமேல் என்னையே உறையாகத் தைத்து மாட்டச் சொல்கிறான். அளவு எடுக்கும்போது சொன்னது, மெசேஜ், கைப்பட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், படபடவென்று வந்துவிட்டது.

அவள் கையிலிருந்த வெட்டுத்துணியைக் கீழே வைத்தாள். "மெசேஜக் காட்டு."

"அழிச்சுட்டேன்."

"ஏன்?"

"அருவருப்பா இருந்துச்சுடி."

"அருவருப்பா இருந்தா மொதல்ல எங்கிட்டல்ல காட்டணும்? அழிச்சுட்டாளாம்." எழுந்து நின்றாள். "உன்ன வேணாம்னு சொன்னாங்கல்ல, அது உனக்கு இன்னும் ஆறல. அத்தை சொன்னப்பக்கூட நான்தான் அத்தையோட சண்ட போட்டேன், எங்கக்காவுக்கு அப்படியெல்லாம் கெடயாதுன்னு."

கதவை அறையவில்லை. மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள். அவள் கதவை அறைகிறவள்.

மே 19, திங்கள்

மெஷின் ஓடவில்லை. நான்தான் ஓட்டவில்லை.

மே 22, வியாழன்

முகூர்த்த ஜாக்கெட்டுக்கு அளவு பார்க்கச் சிந்துஜா வரவில்லை. ஒரு பழைய ஜாக்கெட்டை அம்மாவிடம் கொடுத்து அனுப்பினாள். துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து. அது பெரிய அசிங்கமாக இருந்தது எனக்கு. எல்லாரும் அழுக்காகக் கொடுத்தார்கள் என்று எரிந்து விழுந்தேனே, இதற்கு அதுவே தேவலை. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு அந்நியக்காரியிடம் கொடுப்பது மாதிரி கொடுத்திருக்கிறாள்.

தைத்தேன். கொஞ்சமும் கோணவில்லை. கை தன் பாட்டுக்கு ஒழுங்காக வேலை செய்தது. இந்தக் கைக்கு ரோஷமே கிடையாதா?

அம்மாவிடமும் சொல்லிப் பார்த்தேன். காதைப் பொத்திக்கொண்டாள். "மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு. பத்திரிகை அடிச்சாச்சு. வாயப் பூட்டிக்கோ. வேட்டியக் கட்டுனவன் நாலும் பேசத்தான் செய்வான், கல்யாணமானா சரியாயிரும்." ஞாயிற்றுக்கிழமை சபையில் நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினாள். 'சம்மதம்' என்கிற அந்த ஒரு வார்த்தை.

நான் சொன்னால் சிந்துஜா அந்த ஆளோடு போய்விடுவாள். சொல்லாவிட்டால் பொறாமை பிடித்த மூத்தவள் தங்கை கல்யாணத்தைக் கெடுத்தாள் என்று ஆகும், அவளே அதை நம்புவாள். எனக்கு இருப்பது ஒரு தங்கை.

மே 25, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

காலையில் எதைப் போடுவது என்று யோசிக்கவில்லை. துவைத்து மடித்து அடியில் போட்டிருந்த சுங்குடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "எப்படியும் அவக குடுக்குற சேலையத்தானே கட்டப்போற, தொலையுது."

ஹாலில் ஜமுக்காளம் விரித்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு சேலை. மாப்பிள்ளை வீட்டார், அத்தை குடும்பம், பக்கத்து வீட்டுக்காரர்கள். அத்தை நடுவில் உட்கார்ந்து சேலையை எடுத்துப் பிரித்தாள். செங்கல் நிறப் பட்டு. உடம்பெல்லாம் வெள்ளையில் சின்னப் புள்ளி. நான் போட்டிருந்ததையும் அதையும் எல்லாரும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"எங்க பிரேம்தான் எடுத்தான்" என்று சம்பந்தியம்மா பெருமையாகச் சொன்னார். "கடைல ஒரு மணி நேரம் நின்னு, இந்தக் கலருதான் வேணும்னு பொரட்டிப் பொரட்டிப் பாத்து எடுத்தான். முகூர்த்தச் சேலைக்கு வாடான்னா, நீங்களே எடுத்துருங்கன்னுட்டான். மூத்தவக மேல அம்புட்டு மரியாத."

சிந்துஜா அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

"சொல்லு வடிவு. உன் தங்கச்சி கல்யாணத்துக்கு உனக்குச் சம்மதமா?" என்று அத்தை ராகம் போட்டுக் கேட்டாள்.

"சம்மதமில்ல."

நாலைந்து பேர் சிரித்தார்கள், ஏதோ விளையாட்டு என்று. அத்தை மறுபடி கேட்டாள். நான் மறுபடி அதையே சொன்னேன். இப்போது சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டார்கள், சொன்னேன். எல்லார் முன்னாலும், ஒவ்வொன்றாக. என் குரல் எனக்கே சகிக்கவில்லை, பில் வாசிக்கிற மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை பதறவே இல்லை. கைக்குட்டையால் மேலுதட்டைத் துடைத்துக்கொண்டார். "நான் அப்படி ஒரு வார்த்தகூடப் பேசலங்க. ஜிப்பா அளவத் தவிர எதுவும் பேசினதில்ல. அவங்க மனசுல இருக்குறத எல்லாம் நான் சொன்னதா நெனச்சுக்கிட்டா நான் என்ன பண்ண முடியும்? பாவம், அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது."

பாவமாம்.

"மெசேஜ் அனுப்புனாருன்னியே, எங்க?" என்றாள் அத்தை.

"அழிச்சுட்டேன்."

"பாத்தீகளா!" சம்பந்தியம்மா எழுந்துவிட்டார். "எட்டாத பழம் புளிக்குதாக்கும். அவ போட்டிருக்குறதப் பாத்தாலே தெரியலையா? ஆம்பளச் சட்டக் காலரும் பாக்கெட்டும் வச்சு, அடுத்தவன் கண்ணு தன்மேல விழணும்னே தச்சுப் போட்டுக்கிட்டுத் திரியுறா. எம்மகன் பாக்கலன்னதும் பழியப் போடுறா."

அம்மா அழத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் உச் கொட்டினார்கள். நான் எனக்காகத் தைத்த உடுப்பை ஹாலில் இருந்த அத்தனை பேரும் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள், சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி.

அப்போதுதான் சிந்துஜா முன்னால் வந்தாள். என் எதிரே நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்குறேன். இத்தன பேரு இருக்காகன்னு பாக்காத. அந்த டிரஸ் நல்லாருக்குன்னு, அன்னைக்கு நீ இப்படி இருந்திருந்தா கதையே வேறன்னு அவரு சொன்னப்ப, உனக்குப் பிடிச்சிருந்துச்சா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைத்தான் சொல்லப்போனேன். இந்த நோட்டில்கூட நான் எழுதாத விஷயம் அது. அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை.

"மொத நாள் பிடிச்சிருந்துச்சு" என்றேன். "மறுநாளும் அதையேதான் போட்டுக்கிட்டுப் போனேன்."

யாரோ "அடி ஆத்தே" என்றார்கள். அத்தை வாயில் கையை வைத்தாள். சம்பந்தியம்மா, "கேட்டீகளா, அவ வாயாலயே சொல்லிட்டா" என்று கைதட்டாத குறை. எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது. என்மேலேயே எனக்கு எழுந்த அருவருப்பில் காது அடைத்துவிட்டது.

சிந்துஜா மாப்பிள்ளையைப் பார்த்தாள். "பொய் சொல்லி என் கல்யாணத்தக் கெடுக்க நெனக்கிறவ, தன்னத்தானே இப்படிக் கேவலப்படுத்திக்க மாட்டா. நடக்காத ஒண்ணு பிடிச்சிருந்துச்சுன்னு எவளும் சபைல சொல்ல மாட்டா. நீங்க சொல்லியிருக்கீங்க."

"சிந்து, அவங்க என்ன சொன்னாலும்..."

"என்னய அவள மாதிரி டிரஸ் பண்ணச் சொன்னது யாரு? அதுவும் நீங்க சொல்லலையா?"

அந்த ஆள் முதல்தடவையாகத் தரையைப் பார்த்தார். கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மடித்தார்.

சிந்துஜா தாம்பாளத்தைக் குனிந்து எடுத்து அத்தையின் மடியருகே நகர்த்தி வைத்தாள்.

"அத்தை, அவளுக்குச் சம்மதமான்னு ரெண்டு தடவ கேட்டீங்க. கட்டிக்கப்போறவ நானு, என்னய இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. இப்பக் கேளுங்க."

ஜூன் 5, வியாழன்

முகூர்த்த நாள். வீட்டில் ரசமும் அப்பளமும்.

மண்டபத்துக்காரன் அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டானாம். தெருவில் நான் போனால் பேச்சு நிற்கிறது, தாண்டியதும் தொடங்குகிறது. அக்காக்காரி ஆசைப்பட்டாளாம், கிடைக்கவில்லை என்றதும் தங்கைக்கும் இல்லாமல் பண்ணிவிட்டாளாம். உரக்கடைக்கு மூட்டை வாங்க வந்த ஒரு ஆள் என் காலரையே பார்த்துக்கொண்டு மிச்சத்தை எண்ணாமல் போனான். எல்லாரையும் ஒரே வாளியில் ஊறவைத்தால் என்ன?

சிந்துஜா என்னோடு பேசுவதில்லை. சபை கலைந்த அன்று என் அறை வாசலில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "அவன் பண்ணதுக்கு அவனோட முடிஞ்சுபோச்சு. மொத நாள் உனக்குப் பிடிச்சிருந்துச்சுல்ல, அதுக்கு உன்கூட எனக்குக் கணக்கு இருக்கு." சரி என்றேன்.

சாயங்காலம் அத்தை போன் பண்ணினாள். சாத்தூரில் ஒரு வரன் இருக்கிறதாம், நடந்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்களாம், வருகிற ஞாயிறே வந்து சின்னவளைப் பார்க்கத் தயாராம். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணு மட்டும். அன்னைக்கு மூத்தவள எங்கிட்டாவது அனுப்பி வச்சுரு. இல்லன்னா ரூமுக்குள்ள இருக்கச் சொல்லு. அந்தக் கோலத்துல அவ கண்ணுல படவே கூடாது" என்றாள் அத்தை. அம்மா என்னைப் பார்த்தாள், வெங்காயத்தைப் பார்த்தாள், அடுத்ததை எடுத்து உரித்தாள். நான் எழுந்து ரூமுக்குப் போகப் பார்த்தேன். இப்போதே பழகிக்கொள்ளலாமே.

சிந்துஜா டிவியை நிறுத்திவிட்டு வந்து போனை எடுத்தாள்.

"அத்தை, அக்கா ஹால்லதான் உக்காந்துருப்பா. அவளுக்கு எதப் போடணும்னு தோணுதோ அதப் போட்டுக்கிட்டு உக்காந்துருப்பா. அதப் பாத்துட்டு வர்றவுக வரட்டும்."

போனை வைத்துவிட்டு என்னைத் தாண்டி நடந்துபோய், தட்டை எடுத்து, தனக்கு மட்டும் சோறு போட்டுக்கொண்டாள். என்னோடு இன்னும் பேசவில்லை.